தினமும் வாசிக்க எந்த ஸ்டடி பைபிள் வாங்கலாம்?

சகோதரி, நீங்கள் கேட்டது இது. வீட்டில் பழைய தமிழ் வேதாகமம் ஒன்று இருக்கிறது, தினமும் காலையில் அதை வாசிக்கிறீர்கள், ஆனால் பல இடங்கள் புரியாமலே கடந்துபோகின்றன. ஆங்கிலம் ஓரளவு படிப்பீர்கள். கடைக்குப் போனால் விளக்கக் குறிப்புகளோடு விதவிதமான பைபிள்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள், விலையும் அதிகம். எதை வாங்குவது?

முதலில் நேரடியான பதில். கையிலிருக்கும் தமிழ் வேதாகமத்தை மாற்ற வேண்டாம், தினவாசிப்பு அதிலேயே நடக்கட்டும். பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஒரு ஸ்டடி பைபிள் வாங்குங்கள். ஆங்கிலம் படிக்க முடியும் என்பதால் என்.ஐ.வி. (நியூ இன்டர்நேஷனல் வெர்ஷன்) என்ற ஆங்கில மொழிபெயர்ப்பின் ஸ்டடி பைபிளைச் சொல்வேன். ஆங்கிலம் சிரமம் என்றால், 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் பொதுமொழிபெயர்ப்பைச் சொல்வேன். காரணங்களையும் விரிவாகவே எழுதுகிறேன். அவை தெரிந்துவிட்டால் என் சிபாரிசைத் தள்ளிவைத்துவிட்டு உங்களுக்குப் பொருந்துவதை நீங்களே எடுக்கலாம்.

ஸ்டடி பைபிளின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு குரல்கள் இருக்கின்றன. கோட்டுக்கு மேலே வேதவசனம். கோட்டுக்குக் கீழே, அந்த வசனத்தைப் பற்றி யாரோ சிலர் எழுதிய விளக்கம். அவர்கள் படித்தவர்களாகவும் பக்தியுள்ளவர்களாகவும் இருக்கலாம், ஆனாலும் அது மனிதர் எழுத்து. ஒரே தாளில், ஒரே அட்டைக்குள், ஒரே ‘பரிசுத்த வேதாகமம்’ என்ற பெயருக்குக் கீழே இரண்டும் வருவதால், சில வருடங்களில் எது வசனம், எது குறிப்பு என்ற நினைவே மங்கிவிடுகிறது. வேதபாட வகுப்பில் ஒருவர் “பைபிளிலேயே இருக்கிறது” என்று அடித்துச் சொல்வார். தேடிப் பார்த்தால் அது அடிக்குறிப்பில் இருக்கும். எந்தப் பதிப்பு என்பதைத் தீர்மானிப்பதற்கு முன்னால் இதை மனதில் வைக்க வேண்டும்.

இது புதிய கவலை அல்ல. 1560-இல் வந்த ஜெனீவா பைபிள்தான் சாதாரண ஆங்கில வாசகர் கைக்குப் போன முதல் பெரிய ஸ்டடி பைபிள் என்று சொல்லலாம். கத்தோலிக்க அரசியான மேரியின் காலத்தில் இங்கிலாந்தை விட்டுத் தப்பிப்போன புராட்டஸ்டண்டுகள் அதை ஜெனீவாவில் உருவாக்கினார்கள். வசன எண்கள், வரைபடங்கள், பக்க ஓரம் நிறையக் குறிப்புகள் எல்லாம் இருந்தன. யாத்திராகமம் முதல் அதிகாரத்தில் எபிரெய மருத்துவச்சிகள் பார்வோனுக்குக் கீழ்ப்படியாமல் ஆண் குழந்தைகளை உயிரோடு விட்டார்கள் அல்லவா? ராஜாவுக்கு அவர்கள் கீழ்ப்படியாதது சரியே என்று அந்த ஓரக்குறிப்பு சொன்னது. ஜேம்ஸ் மன்னருக்கு இது அறவே பிடிக்கவில்லை. 1604-இல் ஹாம்டன் கோர்ட் அரண்மனையில் கூடிய மாநாட்டில் புதிய மொழிபெயர்ப்புக்கு ஒப்புக்கொண்டபோது, ஓரக்குறிப்பு கூடாது என்றார். மூல எபிரெய, கிரேக்கச் சொல்லை விளக்கும் அளவுக்கு மட்டும் இடம் கிடைத்தது. 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிள் அப்படித்தான் வந்தது.

அதன்பிறகு 1804-இல் லண்டனில் தொடங்கிய பிரிட்டிஷ் அண்டு ஃபாரின் பைபிள் சொசைட்டி, குறிப்போ விளக்கமோ சேர்க்காமல் வேதத்தை மட்டுமே அச்சிடுவது என்பதைத் தன் விதியாகவே வைத்தது. பல சபையார் சேர்ந்து நடத்திய சங்கம் அது. ஒரு சபையின் விளக்கத்தைப் போட்டால் இன்னொரு சபை விலகிவிடும். நம் வீடுகளில் இருக்கும் கறுப்பு அட்டைத் தமிழ் வேதாகமம், மிஷனரி ஹென்றி பவர் ஐயர் தலைமையில் திருத்தப்பட்டு 1871-இல் முழுமையாக வந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு, இந்த மரபில் வந்ததுதான். அதில் விளக்கம் இல்லாததை ஒரு குறையாகப் பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சி.எஸ்.ஐ.க்காரரும் லுத்தரன்காரரும் பெந்தெகொஸ்தேகாரரும் பிரதரன்காரரும் இத்தனை தலைமுறையாக ஒரே புத்தகத்தைக் கையில் பிடித்திருக்க முடிந்ததற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

குறிப்புகள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஸ்கோபீல்டு ரெஃபரன்ஸ் பைபிள் நல்ல உதாரணம். 1909-இல் ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி பிரஸ் வெளியிட்டது, 1917-இல் திருத்திய பதிப்பு வந்தது. மனித வரலாற்றை ஏழு காலகட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தேவன் மனிதனோடு வேறு விதமாக நடந்துகொள்கிறார் என்ற அமைப்பை சைரஸ் ஸ்கோபீல்டு அடிக்குறிப்புகளில் வைத்தார். அது பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரதரன் போதகர் ஜான் நெல்சன் டார்பி வழியாக வந்த போதனை. தனிப் புத்தகமாக இருந்திருந்தால் ஒரு கருத்தாக மட்டும் நின்றிருக்கும். வேதத்தின் அதே பக்கத்தில் அச்சானதால் லட்சக்கணக்கானவர்களுக்கு அதுவே வேதத்தின் சாராம்சம் ஆகிவிட்டது. நம் சபைகளில் ‘இரகசிய வருகை’ (உபத்திரவ காலத்துக்கு முன்பே கிறிஸ்து விசுவாசிகளை எடுத்துக்கொள்வார்) என்று பிரசங்கிக்கப்படுவதும் பெரும்பாலும் இந்த வழியில் வந்ததுதான். அது சரியா தவறா என்பதற்குள் இங்கே போகவில்லை. அதை வசனத்திலிருந்து எடுத்தோமா, குறிப்பிலிருந்து எடுத்தோமா என்பது வாசிக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, கடையில் நின்று ஒரு பதிப்பை எப்படிச் சோதிப்பது? அட்டையையும் பொன் விளிம்பையும் விட்டுவிடுங்கள். சபைகள் கருத்து வேறுபடும் இடங்களைத் திறந்து, அங்கே உள்ள குறிப்புகளைப் படியுங்கள். வெளிப்படுத்தல் 20-இல் ஆயிரவருட அரசாட்சி, ரோமர் 9-இல் முன்குறித்தல், 1 கொரிந்தியர் 13 கடைசியிலும் 14-லும் அந்நியபாஷை, மத்தேயு 16:18-இல் பேதுருவும் கல்லும், 1 தீமோத்தேயு 2:12-இல் பெண்கள் உபதேசம்பண்ணுவது. நல்ல பதிப்பு, “இதை இப்படியும் புரிந்துகொள்கிறார்கள், அப்படியும் புரிந்துகொள்கிறார்கள், இந்தக் காரணங்களால்” என்று சொல்லும். தன் கருத்து எதுவென்று மறைக்காது, மற்றவர் கருத்து இருப்பதையும் மறைக்காது. ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டு நகரும் பதிப்பு தினவாசிப்புக்கு வேண்டாம். அது உங்கள் சபையின் கருத்தாகவே இருந்தாலும் வேண்டாம்.

இன்னொரு சோதனை எரேமியா 29:11. வருடப்பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டையாக நம்மில் பலருக்குக் கிடைத்த வசனம், “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே”. குறிப்பில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் வாழ்க்கைக்குத் தேவன் ஒரு நல்ல திட்டம் வைத்திருக்கிறார், நம்பிக்கையோடு இருங்கள் என்று மட்டும் எழுதியிருந்தால், அதைச் சொல்ல ஒரு ஸ்டடி பைபிள் தேவையில்லை. உண்மையில் அது ஒரு கடிதத்தின் நடுப்பகுதி. கி.மு. 597-இல் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதியது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்பவன், இரண்டு வருடத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று பொய்த் தீர்க்கதரிசனம் சொல்கிறான். எரேமியாவோ எழுபது வருடம் என்கிறார். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள் என்கிறார். அதைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் திரும்பி வரும் நாளைப் பார்த்திருக்க மாட்டார்கள். இது தெரிந்தபின் அந்த வசனத்தின் ஆறுதல் குறைவதில்லை, ஆழமாகிறது. இப்படிப் பின்னணியைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிற குறிப்புதான் நமக்கு வேண்டும்.

தினவாசிப்பில் நமக்கு உண்மையில் எங்கே உதவி தேவைப்படுகிறது? புதிய ஏற்பாட்டில் ‘ஏரோது’ என்ற பெயரைப் பாருங்கள். பெத்லகேம் குழந்தைகளைக் கொன்ற ஏரோது ஒருவன். யோவான்ஸ்நானனின் தலையை வெட்டச் சொன்னவன் அவனுடைய மகன் அந்திப்பா. அப்போஸ்தலர் 12-இல் யாக்கோபைப் பட்டயத்தால் கொன்ற ஏரோதுராஜா, முதல்வனின் பேரன். 25, 26-ஆம் அதிகாரங்களில் பவுலின் வாதத்தைக் கேட்ட அகிரிப்பா, கொள்ளுப்பேரன். குறிப்பில்லாமல் வாசித்தால் எல்லாரும் ஒரே ஆளாகத் தெரிவார்கள். தீர்க்கதரிசன ஆகமங்கள் இன்னும் கடினம். ஏசாயா 7-இல் ஆகாஸ் ராஜா ஏன் நடுங்குகிறான்? கி.மு. 735 வாக்கில் சீரியாவின் ரேத்சீனும் இஸ்ரவேலின் பெக்காவும் கூட்டுச் சேர்ந்து எருசலேமுக்கு எதிராக வருகிறார்கள் என்ற அரசியல் தெரிந்தால்தான் அந்த அதிகாரம் திறக்கும். ஆகாய் இரண்டே அதிகாரம்தான், ஆனால் அது கி.மு. 520, சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்தவர்கள் ஆலய வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கும் காலம் என்று தெரியாவிட்டால் வெறும் கண்டிப்பாக மட்டும் கேட்கும். ஜனவரியில் ஆதியாகமத்தில் தொடங்கி லேவியராகமத்தில் நின்றுபோகிறவர்கள் எத்தனையோ பேர். பலியின் வகைகளையும் சுத்தம் தீட்டுப் பிரமாணங்களையும் ஒரு பக்கத்தில் விளக்கும் முன்னுரை இருந்தால் அவர்கள் தாண்டிப் போயிருப்பார்கள்.

இதற்கு மாறாக, நமக்கு விளக்கமே தேவைப்படாத இடங்களும் நிறைய உண்டு. “தூற்றுக்கூடை அவர் கையிலிருக்கிறது” என்ற வசனத்துக்கு அமெரிக்கப் பதிப்பு நாலு வரி எழுதும். களத்தில் நெல் தூற்றிப் பார்த்த குடும்பத்துக்கு அது எதற்கு? கிணற்றடி, மந்தை, கூட்டுக்குடும்பச் சொத்து, சம்பந்தம் பேசுவது எல்லாம் அப்படித்தான்.

வாழ்க்கைக்குப் பொருத்திச் சொல்லும் குறிப்புகளில் இந்த இடைவெளி இன்னும் பெரியது. 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை விக்கிரகங்களுக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்று பவுல் விவாதிக்கிறார். அமெரிக்க வாசகருக்கு அது பழங்காலச் செய்தி. ஆகவே குறிப்பு, மதுபானம், பொழுதுபோக்கு என்று வேறு ஏதாவது ஒன்றுக்குத் தாவிவிடும். நமக்கோ அடுத்த வீட்டு அக்கா அன்போடு கொண்டுவந்து நீட்டும் பிரசாதம்தான் அந்த வசனம். அலுவலகத்தில் ஆயுதபூஜைப் பொரி கைக்கு வரும்போது என்ன செய்வது, மறுத்தால் அவர் மனம் நோகுமே, வாங்கினால் கூட இருக்கும் புது விசுவாசி இடறுவாரே என்பதெல்லாம் பவுல் தொட்ட கேள்விகளேதான். இங்கே வெளிநாட்டுக் குறிப்பு உங்களைக் கைவிட்டுவிடும். அந்த மூன்று அதிகாரங்களையும் சேர்த்து மெதுவாக வாசித்து, வீட்டில் உட்கார்ந்து பேசினாலே அதைவிட அதிகம் கிடைக்கும். தெற்காசியச் சூழலிலிருந்து வேதத்தைப் பார்க்க விரும்பினால், 2015-இல் வெளிவந்த சவுத் ஏஷியா பைபிள் காமெண்டரி என்ற ஒரே தொகுதி விளக்கவுரை இருக்கிறது. இந்தப் பகுதியைச் சேர்ந்தவர்கள் எழுதியது. அது பைபிள் அல்ல, தனி நூல். சபை நூலகத்துக்கு வாங்கி வைக்கச் சொல்லலாம்.

இதனால்தான், வசனத்தை அன்றாட வாழ்க்கைக்குப் பொருத்திச் சொல்வதையே முக்கியமாகக் கொண்ட லைஃப் அப்ளிகேஷன் வகைப் பதிப்புகளைத் தினவாசிப்புக்கு நான் முதலில் சொல்வதில்லை. நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டவை, புது விசுவாசிகள் பலருக்கு ஊக்கம் கொடுத்திருக்கின்றன. ஆனால் வசனம் உங்கள் மனதில் வேலைசெய்யத் தொடங்குவதற்கு முன்பே, “ஆகவே நீ இதைச் செய்” என்ற பதில் வந்துவிடுகிறது. பாடம் படிக்குமுன் நோட்ஸ் படிக்கும் மாணவனின் நிலைமை அது.

மற்ற பதிப்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். என்.ஐ.வி. ஸ்டடி பைபிள் 1985-இல் கென்னத் பார்க்கர் என்ற பொதுப் பதிப்பாசிரியரின் கீழ் வந்தது, 2020-இல் முழுவதும் திருத்தப்பட்டது. பல சுவிசேஷ சபைகளைச் சேர்ந்த அறிஞர்கள் எழுதியதால், சர்ச்சையான இடங்களில் நிதானமாகப் பேசும். ஆகம முன்னுரைகள் நன்றாக இருக்கும். என் முதல் தேர்வு அதனால்தான். 2008-இல் வந்த ஈ.எஸ்.வி. (இங்கிலீஷ் ஸ்டாண்டர்ட் வெர்ஷன்) ஸ்டடி பைபிளில் சுமார் 20,000 குறிப்புகள். படிப்பு ஆழமானது, சீர்திருத்த இறையியல் (கால்வின் வழி வந்த போதனை) பக்கம் சாய்வு, பெண்களின் ஊழியம் பற்றிக் கட்டுப்பாடான பார்வை. பெண் ஆயர்கள் இருக்கும் சி.எஸ்.ஐ. சபையில் நீங்கள் இருந்தால் அதை அறிந்தே வாங்குங்கள். கனமும் அதிகம், மடியில் வைத்து வாசிக்க முடியாது. மெக்ஆர்தர் பதிப்பு (1997) ஒரே போதகரின் குரல். தெளிவாக எழுதியிருக்கிறார், ஆனால் அந்நியபாஷை போன்ற வரங்கள் அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்தன என்பார். அதற்கு எதிர்ப்பக்கம் ஃபுல் லைஃப் ஸ்டடி பைபிள், பிரேசிலில் மிஷனரியாக இருந்த டொனால்ட் ஸ்டாம்ப்ஸ் பெந்தெகொஸ்தே பார்வையில் தயாரித்தது. இரண்டையும் 1 கொரிந்தியர் 14-இல் அடுத்தடுத்து வைத்துப் படித்தாலே, அடிக்குறிப்பு என்பது என்ன என்று விளங்கிவிடும். தாம்சன் செயின் ரெஃபரன்ஸ் (1908) வேறு வகை. விளக்கம் சொல்லாமல், ஒரு பொருளைப் பற்றிய வசனங்களைச் சங்கிலிபோல் தொடர்ந்து போக வழிகாட்டும். வேதத்தை வேதத்தைக்கொண்டே விளங்கிக்கொள்ள நினைப்பவருக்கு மிகவும் ஏற்றது. கல்லூரியில் இறையியல் படிப்பவர் என்றால் நியூ ஆக்ஸ்ஃபோர்டு அனோட்டேட்டடு பைபிள் சொல்வேன். ஆகமங்களை யார், எப்போது எழுதினார்கள் என்ற ஆராய்ச்சிக் கேள்விகளை அது நேராகவே எடுத்துவைக்கும். காலை ஜெபவேளைக்கு அது பொருந்தாது.

தமிழில் கிடைக்கும் விளக்கப் பதிப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலானவை ஆங்கிலப் பதிப்புகளின் குறிப்புகளை மொழிபெயர்த்து, நம் பழைய மொழிபெயர்ப்பின் கீழே அச்சிட்டவை. அந்தக் குறிப்புகள் வேறொரு ஆங்கில மொழிபெயர்ப்பைப் பார்த்து எழுதப்பட்டவை. ஆகவே குறிப்பு விளக்கும் சொல் சில இடங்களில் மேலே உள்ள தமிழ் வசனத்தில் இருக்கவே இருக்காது. வாங்கும்முன் ஏதாவது ஒரு நிருபத்தில் இரண்டு பக்கம் படித்து, தமிழ் ஓட்டமாக இருக்கிறதா, குறிப்பும் வசனமும் ஒட்டுகிறதா என்று பாருங்கள். திருவிவிலியத்தில் இந்தச் சிக்கல் இல்லை. கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து மூலமொழிகளிலிருந்து இன்றைய தமிழில் செய்தது. ஒவ்வொரு நூலுக்கும் முன்னுரை, நூலின் பிரிவுகள், அடிக்குறிப்புகள் எல்லாம் தமிழிலேயே பிறந்தவை. தோபித்து, யூதித்து, மக்கபேயர் போன்ற நூல்களும் அதில் உண்டு. அவை உங்கள் சபையின் 66 ஆகமங்களில் சேராதவை என்று தெரிந்துகொண்டால் போதும், தயங்க வேண்டியதில்லை. ‘கர்த்தர்’ என்று கேட்டுப் பழகிய காதுக்கு ‘ஆண்டவர்’ முதலில் கொஞ்சம் புதிதாக இருக்கும். ஆனால் யோபுவும் ரோமர் நிருபமும் அதில் எவ்வளவு தெளிவாகப் புரிகிறது என்று பாருங்கள். நீங்கள் கத்தோலிக்கராக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், இதுதான். ஆங்கிலத்தில் கூடுதலாக வேண்டுமென்றால் 2024-இல் முழுமையடைந்த இக்னேஷியஸ் கேத்தலிக் ஸ்டடி பைபிள் இருக்கிறது.

புதிய பதிப்பைத் திறந்ததும் உங்களைக் கலங்கவைக்கக்கூடிய ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். என்.ஐ.வி.யில் மத்தேயு 17:21, அப்போஸ்தலர் 8:37 இரண்டும் வசன வரிசையில் இருக்காது, அடிக்குறிப்பில் இருக்கும். 1 யோவான் 5:7 நம் பழைய வேதாகமத்தைவிடக் குறுகியதாக இருக்கும். மாற்கு 16:9 முதல் 20 வரையும், விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் சம்பவமும் கோடு போட்டுப் பிரிக்கப்பட்டிருக்கும். வசனங்களை நீக்கிவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி பரவும் செய்தி இதைப் பற்றியதுதான். நடந்தது இது. கிங் ஜேம்ஸ் பைபிளும் நம் பழைய மொழிபெயர்ப்பும் பின்பற்றிய கிரேக்கப் பாடம், 1516-இல் எராஸ்மஸ் என்ற டச்சு அறிஞர் அச்சிட்டதிலிருந்து வளர்ந்தது. அவர் கையில் இருந்தவை பெரும்பாலும் பிற்காலப் பிரதிகள். சினாய், வத்திக்கான் ஆகிய நான்காம் நூற்றாண்டுப் பிரதிகளை அறிஞர்கள் விரிவாக ஆராயத் தொடங்கியது பிறகுதான். அவற்றில் இந்தப் பகுதிகள் இல்லை. நல்ல ஸ்டடி பைபிள் இதை மறைக்காமல் அந்த இடத்திலேயே சொல்லும். திரித்துவமோ உயிர்த்தெழுதலோ இந்த வசனங்களை மட்டும் நம்பி நிற்கவில்லை, வேதம் முழுக்க இருக்கிறது. பயப்படத் தேவையில்லை.

வாசிக்கும் முறைக்கு வருவோம். தமிழ் வேதாகமத்தில் அன்றைய பகுதியை முழுவதும் வாசியுங்கள், முடிந்தால் சத்தமாக. புரியாத இடத்தில் பென்சிலால் ஒரு சின்னக் குறி. ஜெபித்து முடித்த பிறகு, அல்லது மாலையில், ஸ்டடி பைபிளைத் திறந்து குறி போட்ட இடங்களை மட்டும் பாருங்கள். புதிய ஆகமம் தொடங்கும் நாளில் மட்டும் வரிசையை மாற்றி, முன்னுரையை முதலில் படியுங்கள். இரண்டு புத்தகங்களாக இருப்பதால் எந்தக் குரல் எது என்ற குழப்பமும் வராது. ஒரே புத்தகத்தில்தான் முடியும் என்றால், குறிப்புப் பகுதியை ஒரு அட்டையால் மூடிக்கொண்டு முதலில் வசனத்தை முடியுங்கள்.

எழுத்தின் அளவைக் கடையிலேயே, உங்கள் வீட்டு விளக்கு வெளிச்சத்தை மனதில் வைத்துப் பாருங்கள். குறிப்புகள் எப்போதும் வசனத்தைவிடச் சின்ன எழுத்தில்தான் இருக்கும். தாள் மெல்லியதாகி மறுபக்க எழுத்து தெரிந்தால் வேண்டாம். தோல் அட்டைக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள், கெட்டி அட்டை போதும். கைபேசியில் படிப்பவரென்றால் யூவெர்ஷன் செயலியில் தமிழ் மொழிபெயர்ப்புகள் இலவசம், நெட் பைபிள் என்ற ஆங்கில மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பாளர் குறிப்புகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பணம் செலவழிக்கும் முன் சில வாரம் அவற்றோடு பழகிப் பார்க்கலாம். என்.ஐ.வி. ஸ்டடி பைபிளின் பழைய பதிப்பு, 1984 மொழிபெயர்ப்போடு உள்ளது, பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள். குறிப்புகளின் தரத்தில் பெரிய நஷ்டம் இல்லை, விலை மட்டும் வெகுவாகக் குறையும்.